கடலோரத் தோட்டத்துக்குப் பிக்கப் வாங்கலாமா? ஐந்தாண்டுக்கு மேல் ஓட்டியவனின் பதில்

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, தொண்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அத்தான் உட்படப் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: தோட்டத்துக்கென்று சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கலாமா? வரியோடு 9 லட்சம் ரூபாய் விலையிருந்த வண்டி, வரிக்குறைப்பை முழுமையாகக் கழித்தால் ஏறத்தாழ 8 லட்சத்து 30 ஆயிரத்துக்கு வருகிறது. எழுபதாயிரம் ரூபாய் குறையும்போது ஆசை எழுவது இயல்பே. இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தென்னையும், சற்று உள்ளே தள்ளி மானாவாரியாக நெல்லும் முண்டு மிளகாயும் வைத்திருக்கிறேன். இந்த நிலத்துக்காகவே வாங்கிய வண்டியை ஐந்தாண்டுக்கு மேலாக நானே ஓட்டி வருகிறேன். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்காக அதன் பின் தொட்டியின் தரைத் தகரம் முழுவதையும் வெட்டியெடுத்து மாற்றி, பணம் கொடுத்துவிட்டு வந்த வாரத்தில் இதை எழுதுகிறேன் என்பதையும் படிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அக்கம்பக்கத்தில் வேறு நிறுவனங்களின் வண்டிகளை வைத்திருப்பவர்களின் நிலையும் இதுவாகவே இருக்கிறது.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினிலும் கியர் பெட்டியிலும் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. பின்புற வில் பட்டைகள் எவ்வளவு ஏற்றினாலும் முகம் சுளிப்பதில்லை. உரிக்காத தேங்காய் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும் என்பதால் ஆயிரம் காய் ஏற்றினாலே ஒரு டன் தாண்டிவிடும், அதையும் மணல் தடத்தில் இழுத்துக்கொண்டு வருகிறது. முண்டு மிளகாய் நேர் எதிரான சரக்கு. காய்ந்த மிளகாய்க்கு எடை குறைவு, இடம் அதிகம் வேண்டும். ஆகவே மிளகாய்க்காரர்கள் எத்தனை கிலோ தாங்கும் என்று பார்ப்பதைவிடத் தொட்டியின் நீளத்தையும், மேலே கூண்டு கட்ட வசதி இருக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது. 2023-இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் விலை ஏறி இறங்கும் கதை மாறவில்லை. சொந்த வண்டி இருப்பதால், விலை பிடிக்காத நாளில் மூட்டைகளைத் திருப்பிக்கொண்டு வரவோ, எட்டிவயல் குளிர்பதனக் கிடங்கில் கொண்டுபோய் வைக்கவோ யாருடைய தயவும் தேவையில்லாமல் முடிகிறது. களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும்போது கோடை மழைக்கு வானம் கறுத்தால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் அள்ளி ஏற்றித் தார்ப்பாய் போட்டுவிடலாம். நனைந்து கறுத்த மிளகாயை வியாபாரி எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

ஆனால் வாங்கும்போது நான் நினைத்தும் பார்க்காத பயன் தண்ணீர்தான். எங்கள் மாவட்டத்து ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். தை மாதத்தில் செடி பூவும் பிஞ்சுமாக நிற்கையில் ஈரம் வற்றினால், இரண்டு தண்ணீர் கொடுத்தால் போதும் என்ற நிலையில் அந்த இரண்டு தண்ணீருக்கு வழியிருக்காது. டிராக்டர் டேங்கருக்குச் சொல்லி வைத்தால், அதே வாரத்தில் ஊர் முழுவதற்கும் தண்ணீர் வேண்டியிருப்பதால் முறை வருவதற்குள் பூ உதிர்ந்துவிடும். பிக்கப்பின் தொட்டியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்துக் கட்டினால், நிறைந்த நிலையில் தண்ணீர் மட்டுமே ஒரு டன். வண்டியின் தாங்கு திறனுக்குள் அடங்கிவிடுகிறது. கண்மாயில் கிடக்கும் மிச்சத் தண்ணீரைச் சிறு மோட்டாரால் ஏற்றிக்கொண்டு, வரப்போரம் வரை ஓட்டிச் சென்று, ஹோஸ் போட்டுச் செடிக்குச் செடி ஊற்றியிருக்கிறோம். கருகிப்போகும் என்று கைவிட்ட மிளகாய்க் கொல்லை அப்படித் தலையெடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு பருவத்துக்காகவே இந்த வண்டியின் மேல் எனக்கு இன்றும் நன்றியுணர்வு உண்டு. இப்படித் தண்ணீர் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதித் தொட்டித் தண்ணீரோடு வளைவில் திரும்புவது முழுத் தொட்டியோடு திரும்புவதைவிட ஆபத்தானது, தண்ணீர் ஒரு பக்கம் சரிந்தடித்து வண்டியைச் சாய்த்துவிடும்.

சில்லறைக் குறைகள் இருக்கின்றன. சரக்கு இல்லாதபோது பின்சக்கரங்களின் மேல் எடை இல்லாததால் மணலில் புதைகிறது. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் ஏறி வந்துவிடும். சீமைக் கருவேல முள்ளுக்கு எந்த டயரும் தப்பாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான டீசல் வண்டிகளின் புகை வடிகட்டி, தோட்டத்துக்கும் வீட்டுக்குமாகக் குறைந்த தூரமே ஓடினால் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கைப் போடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற்றி அவ்வப்போது நெடுந்தூரம் சீரான வேகத்தில் ஓட்டினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை.

பொறுக்க முடியாதது துரு. வாங்கிய இரண்டாம் ஆண்டிலேயே பின் கதவின் கீல்களைச் சுற்றி ஆரம்பித்தது. அடுத்துத் தொட்டியின் தரை, கதவுகளின் அடிவிளிம்பு, கேபினின் படி, புகைக்குழாய் என்று ஒவ்வொன்றாகப் பரவியது. கண்ணுக்குத் தெரியும் துரு பெரிய தொல்லையில்லை, தேய்த்து ரெட் ஆக்சைடு என்ற துருத் தடுப்புப் பூச்சு அடிக்கலாம். தரைத் தகரம் அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் இடம்தான் தொல்லை. அந்த மெல்லிய இடைவெளியில் புகுந்த ஈரம் வெளியேறுவதே இல்லை, மேலே வண்ணம் பளபளவென்று இருக்கும்போதே கீழே தகரம் ஏடு ஏடாக உரிந்துகொண்டிருக்கும். போன மாதம் அடியுர மூட்டை ஏற்றியபோது ஒருவர் காலை ஊன்றிய இடத்தில் தரை உள்வாங்கியது. பட்டறையில் வெட்டிப் பார்த்தபோது மூன்று குறுக்குச் சட்டங்களில் பற்றவைப்பதற்குக்கூட நல்ல இரும்பு மிஞ்சியிருக்கவில்லை. அதே நாளில் பிரேக் பைப்பையும் மாற்ற வேண்டியதாயிற்று. சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தோடு அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், அரித்து மெலிந்திருந்தது. தொட்டி ஓட்டையானால் செலவோடு போய்விடும், ஒரு டன் தண்ணீரோடு வரும்போது பிரேக் பைப் வெடித்தால் என்னவாகும் என்பதை நினைக்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை.

இது ஏன் எங்களுக்கு மட்டும் இவ்வளவு கடுமையாக நடக்கிறது என்பதை வாங்குபவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். காற்றில் வரும் உப்பு வண்டியின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து, இரும்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடும். கடலோரத்தில் இரவு நேரங்களில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கமென்பதால், மழையே இல்லாத மாதத்தில், ஓடாமல் நிற்கும் வண்டியும் இரவெல்லாம் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. கொட்டகைக்குள் நிறுத்தினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மழை கழுவாத, நிழலான பரப்புகளில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகும். வண்டியின் அடிப்பகுதி எப்போதுமே அப்படிப்பட்ட பரப்பு. கழுவலாம் என்றால், ஆழ்துளைக் கிணற்றில் வருவது உவர்த் தண்ணீர், அதில் கழுவுவது ஓர் உப்பை நீக்கி இன்னோர் உப்பைப் பூசுவதாகும். குடிக்கிற தண்ணீரைக் குடக்கணக்கில் விலைகொடுத்து வாங்கும் ஊரில் நல்ல தண்ணீரை வண்டிக்கு ஊற்ற யாருக்கும் கை வராது. இதற்கு மேல் விவசாயியின் சரக்கே இரும்புக்குப் பகை. பொட்டாஷ் என்று நாம் வாங்கும் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதுவும் உப்புதான். ஒரு மூட்டை கிழிந்து சிந்தினால் அந்தத் தூள் தகரத்தின் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் பதரும் மிளகாய் விதையும் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளை அடைத்துவிடும். திரும்பி வரும்போது வாடகைக்கு மீன் பெட்டி ஏற்றுபவர்களின் வண்டியில் ஐஸ் உருகி வடியும் தண்ணீர் மீதி வேலையை முடித்துவிடும்.

என் கோபம் இயற்கையின் மேல் இல்லை. துருவைப் பற்றிய அறிவு வேறெங்கோ தொலைவில் இருக்கும் செய்தியும் இல்லை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், எங்கள் மாவட்டத்து மண்டபத்திலேயே உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து அவை அரிபடுவதை ஆராய்ந்து வந்திருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் பழைய ரயில் பாலம் அரிப்பால் பலமிழந்ததால் 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கு பாலிசிலாக்சேன் என்ற பூச்சும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் போட்டிருக்கிறார்கள். பாலம் கட்டுபவர்கள் இந்தக் கடற்காற்றை அளந்து அதற்கேற்பச் செலவு செய்யும்போது, வண்டி செய்பவர்கள் மட்டும் கோயம்புத்தூருக்கும் கீழக்கரைக்கும் ஒரே தகரத்தை, ஒரே பூச்சோடு அனுப்புகிறார்கள். பாலத்துக்குச் செய்ததை எட்டு லட்ச ரூபாய் வண்டிக்குச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. தொட்டியின் தரையையாவது துத்தநாகம் தோய்த்த தகரத்தில் கொடுங்கள், இடுக்குகளில் மெழுகுப் பூச்சு அடியுங்கள், அதற்கு இருபதாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் கடலோரக்காரர்கள் தருவார்கள். விற்பனை நிலையத்தில் இதைக் கேட்டபோது, வாரண்டியில் சுற்றுச்சூழலால் வரும் அரிப்பு சேராது என்ற வரியைக் காட்டினார்கள். எந்தச் சுற்றுச்சூழலில் ஓடப்போகிறது என்று தெரிந்தே விற்றவர்கள் அந்த வரியை வாங்கும் நாளில் காட்டியிருக்க வேண்டும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை, ஆகவே அந்த வரம்புக்குள் வரும் மாடலையே எடுங்கள். சாதாரண இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். துருவேறிய வண்டிக்கு ஒவ்வொரு எஃப்.சி.யும் ஒரு பட்டறைச் செலவு. மூன்றாம் நபர் காப்பீடும் ஆண்டுக்குப் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது.

இத்தனை பாராட்டுக்குப் பிறகும் அத்தானுக்கு நான் சொன்ன பதில், வேண்டாம் என்பதுதான். அவருடைய நிலம் கடலை ஒட்டியது. மிளகாய்ப் பருவத்தையும் தேங்காய் வெட்டையும் விட்டால் ஆண்டின் பெரும்பகுதி வண்டி நிற்கும், நிற்கும் நாளிலும் துரு நிற்காது. குறைந்த வரியால் மிச்சமாகும் எழுபதாயிரத்தைத் தரைத் தகரமும் குறுக்குச் சட்டமும் சில ஆண்டுகளில் திரும்ப வாங்கிக்கொள்ளும். டிராக்டர் வைத்திருப்பவர் ஒரு டிரெய்லரும் டேங்கரும் சேர்த்துக்கொள்ளட்டும். அதன் தடித்த இரும்பு இந்தக் காற்றை நெடுநாள் தாங்கும், மீதிக்கு வாடகை வண்டி இருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர் போல உள்ளே தள்ளியிருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், அவர்களுக்கு இந்த வண்டி உழைத்துப் போடும். நான் என்னுடையதை விற்கப்போகிறேனா என்று அத்தான் கேட்டார். அடுத்த தை மாதத்துக்குத் தண்ணீர் எடுக்க வேண்டியிருக்கிறது, விற்கமாட்டேன் என்றேன்.

கடலோரத்தில் இருந்தும் வாங்கியே தீர்வது என்று முடிவு செய்தவர்கள் தொட்டியோடு வாங்காதீர்கள். கேபினும் சேஸிஸும் மட்டுமாகத் தரும் மாடல் இருந்தால் அதை எடுத்து, தொட்டியை உள்ளூர்ப் பட்டறையில் கட்டிக்கொள்ளுங்கள். குறுக்குச் சட்டங்களை இரு பக்கமும் பூச்சடித்த பிறகே தரையைப் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள், பற்றவைத்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்து அங்கிருந்தே துரு தொடங்கும். உரம் ஏற்றும்போது தார்ப்பாய் விரித்து அதன்மேல் அடுக்குங்கள். கண்மாயிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரும் நாளில் கடைசி நூறு லிட்டரைச் செடிக்கு ஊற்றாமல் வைத்திருந்து, அதே ஹோஸால் சேஸிஸின் உள்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் அடித்துக் கழுவுங்கள். வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்கும் முன் பிரேக் பைப்பின் எல்லாக் கிளிப்புகளையும் கழற்றி, அடியில் என்ன இருக்கிறது என்று விளக்கடித்துப் பாருங்கள்.