ஸ்பனகோபிட்டா: கையால் தேய்த்த மாவா, பாக்கெட் ஃபிலோவா?

ஸ்பனகோபிட்டா என்ற கிரேக்கக் கீரைப் பண்டத்தை நான் முதல் முறை செய்தபோது, மேல்பக்கம் அப்பளம் போல நொறுங்கியது. அடிப்பக்கத்தைக் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டியிருந்தது. மாவைத்தான் குறை சொன்னேன். இன்னும் இரண்டு தட்டு வீணான பிறகுதான் குற்றவாளி கீரை என்று புரிந்தது. பச்சைக் கீரையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ கீரையை அப்படியே உள்ளே வைத்து மூடினால், ஏறக்குறைய 900 மில்லி தண்ணீரைத் தாளில் பொட்டலம் கட்டுகிறோம் என்று அர்த்தம். அன்றிலிருந்து எந்த மாவு, எந்த சீஸ், எண்ணெயா வெண்ணெயா என்ற எல்லாக் கேள்விக்கும் என்னிடம் ஒரே சோதனைதான்: இந்தத் தண்ணீரை அது எப்படிச் சமாளிக்கிறது?

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பனாகி என்றால் கீரை. கடையில் பாலக் என்று கேட்டால் கொடுப்பார்களே, அது. பசலை என்று மொழிபெயர்த்த சமையல் குறிப்பை நம்பிக் கொடிப்பசலையை வாங்கிவிடாதீர்கள், அதன் வழுவழுப்பு இதற்கு ஆகாது. பிட்டா என்றதும் வட்ட ரொட்டி நினைவுக்கு வந்தால் தப்பில்லை, கிரேக்க மொழியில் இரண்டுக்கும் அதே சொல்தான். இங்கே அது மாவுத் தாள்களுக்கு நடுவே பூரணம் வைத்து அடுப்பில் சுட்ட பண்டம்.

மாவு: பெரிய சண்டை இதில்தான்

ஃபிலோ என்றால் கிரேக்கத்தில் இலை. உறைநிலைப் பெட்டியிலிருந்து வரும் காகிதம் போன்ற மெல்லிய தாள் ஒரு வகை. ‘ஹோரியாத்திகோ’, அதாவது நாட்டுப்புறத்து ஃபிலோ, இன்னொரு வகை. இது கொஞ்சம் தடிமனாக இருக்கும். வீட்டில் கையால் தேய்ப்பது இதைத்தான்.

பாக்கெட்டின் வசதி தெரிந்ததே. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் மறுநாள் பிரிக்கலாம். அவசரப்பட்டு மேடையில் வைத்து உருக விட்டால், வெளித்தாள்கள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுப்பகுதி இன்னும் கட்டியாகவே இருக்கும். பிரித்த பிறகு ஈரத்துணியால் மூடி வைக்காவிட்டால் சில நிமிடங்களில் காய்ந்து உடையும். கீழே ஆறு தாள், மேலே ஐந்து தாள், ஒவ்வொன்றுக்கும் நடுவே எண்ணெய். சுட்டு எடுத்தால் கடிக்கும்போது சத்தம் கேட்கும். ஆனால் இந்தத் தாளுக்கு மன்னிக்கும் குணம் கிடையாது. பூரணத்தில் கொஞ்சம் ஈரம் மிஞ்சினாலும் அடித்தாள்கள் ஆறும் சேர்ந்து ஒரே கூழாகிவிடும்.

கைமாவு வேறு ரகம். 500 கிராம் மைதா, 250 மில்லி அளவுக்கு வெதுவெதுப்பான நீர், மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி உப்பு. வினிகர் எதற்கு என்றால், மாவு இழுத்த இழுப்புக்கு வருவதற்கு. பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. ஊறாத மாவைத் தேய்த்தால் ரப்பர் போலத் திரும்பிச் சுருங்கும்.

கிரேக்க வீடுகளில் இதற்கென்றே ‘பிளாஸ்திஸ்’ என்று ஒரு நீளக் கோல் உண்டு. நம் பூரிக்கட்டையைப் போல நடுவில் பருத்தது அல்ல. விரல் தடிமனில், கை நீளத்துக்கு, ஒரே சீரான குச்சி. மாவை வட்டமாக்கி, அந்தக் கோலில் சுற்றி, இரண்டு உள்ளங்கைகளையும் நடுவில் வைத்து முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே கைகளை ஓரங்களுக்கு நகர்த்துவார்கள். பிரித்து, திருப்பி, மறுபடி சுற்றுவார்கள். நான்கைந்து சுற்றில் தட்டு அளவுக்கு விரிந்துவிடும். எனக்கு அந்தக் கைவாகு இன்னும் வரவில்லை. அதனால் அங்கேயே பலர் செய்யும் குறுக்குவழியைப் பிடித்துக்கொண்டேன். எலுமிச்சை அளவு உருண்டைகளைச் சின்னத் தட்டு போலத் தேய்த்து, ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய் தடவி நான்கை அடுக்கி, அந்த அடுக்கையே மொத்தமாகத் தேய்ப்பது. சூட்டில் அடுக்குகள் தாமாகப் பிரியும்.

கைமாவின் பலம், கீரையின் மிச்ச ஈரத்தைக் கொஞ்சம் தானே குடித்துக்கொள்வது. அடிப்பக்கம் மொறுமொறுப்பாக இருக்காது, ஆனால் கூழும் ஆகாது. மென்று தின்னும் பதத்தில் நிற்கும். இப்போது நான் கீழே கைமாவும் மேலே பாக்கெட் தாளும் வைத்துச் செய்கிறேன். கிரேக்கப் பாட்டிகள் கேட்டால் திட்டுவார்கள். திட்டட்டும், தட்டு காலியாகிறது.

இன்னும் இரண்டு போட்டியாளர்கள் உண்டு. பஃப் பேஸ்ட்ரி (அங்கே ஸ்ஃபோலியாத்தா): சின்ன உருவங்களுக்குச் சரி, பெரிய தட்டில் ஈரப் பூரணத்தின் கீழே அது உப்பவே உப்பாது. தயிரும் வெண்ணெயும் சேர்த்துப் பிசையும் ‘குரூ’ மாவு: தேய்க்கும் சிரமமே இல்லை, ஆனால் பிஸ்கட் போல உதிரும். அதைச் சின்னச் சீஸ் பிட்டாக்களுக்கு விட்டுவிடலாம்.

மாவு தேய்ப்பதே வேண்டாம் என்பவர்களுக்கு, பிட்டாக்களுக்குப் பேர்போன வடமேற்கு கிரேக்கத்து எபிரஸ் பகுதியிலிருந்து ஒரு பதில் இருக்கிறது: ‘பிளட்சாரியா’. மக்காச்சோள மாவை நீரும் எண்ணெயும் சேர்த்துத் தட்டில் பரப்பி, கீரையும் ஃபெட்டா என்ற உப்பு சீஸும் போட்டு, மேலே மறுபடி அதே மாவால் மூடிச் சுடுவது. ஈரம் அதிகமானாலும் இது அசராது. ஸ்பனகோபிட்டா என்று சொல்ல முடியாதுதான், ஆனால் முதல் முறை கீரைப் பிட்டா செய்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கீரை: வதக்கலா, உப்பா?

உறைந்த கீரை ஏற்கெனவே வெந்நீர் கண்டது. பிழிந்தால் நீர் போகும், கூடவே உயிரும் போய்விடும். அவசரத்துக்கு மட்டும்.

வாணலியில் வதக்கிப் பிழிவதுதான் பெரும்பாலான குறிப்புகளில் வரும் வழி. ஒரு கிலோ கீரை கடைசியில் இரண்டு கைப்பிடி ஆகிவிடும். பாதுகாப்பான முறை, ஆனால் நிறம் மங்கும், மறுபடி அடுப்பில் 50 நிமிடம் வேகும்போது இன்னும் குழையும். எனக்குப் பிடித்தது உப்பு முறை. பொடியாக நறுக்கிய பச்சைக் கீரையில் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கையால் நன்றாகப் பிசைந்து, 20 நிமிடம் விட்டு, பிடிபிடியாகப் பிழிய வேண்டும். கிண்ணத்தில் கரும்பச்சை நீர் தேங்குவதைப் பார்த்தால், அது மாவுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியும். அப்புறம் வெங்காயத்தாள், கை நிறையச் சதகுப்பை இலை (டில்), இரண்டு முட்டை. கடைசியாக ஒரு கைப்பிடி ரவை, மிச்ச ஈரத்தை உறிஞ்ச. கிரேக்கர்களும் ரவையைத்தான் தூவுகிறார்கள். அவர்கள் மொழியில் அது ‘சிமிக்தாலி’.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வாரங்களில் முட்டையும் சீஸும் இல்லாமலே இதைச் செய்வார்கள். கீரையும் மூலிகைகளும் லீக்ஸும் (பெரிய வெங்காயத்தாள் போன்றது) மட்டும். சைவமாகச் செய்ய விரும்புபவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சீஸும் கொழுப்பும்

ஃபெட்டா 2002-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயரானது. ஜெர்மனியும் டென்மார்க்கும் வழக்குப் போட்டன, 2005-இல் தோற்றன. குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், இரண்டு மாதமாவது பதப்படுத்தல். பசும்பாலில் செய்து ‘வெள்ளை சீஸ்’ என்று விற்பது விலை குறைவு, ஆனால் பலவும் சூட்டில் நீர் விடுகின்றன, புளிப்பும் போதாது. உதிர்த்து விற்பதைவிட உப்புநீரில் மிதக்கும் கட்டியை வாங்கி, துடைத்து, கையால் பெரிய துண்டுகளாக உடைத்துப் போடுங்கள். ஒரு கிலோ கீரைக்கு 300 கிராம். பனீர் போடலாமா என்றால், போடலாம், வயிறு நிறையும். ஆனால் கீரையோடு மல்லுக்கு நிற்கும் உப்பும் புளிப்பும் அதில் இல்லை.

வெண்ணெயிலும் தண்ணீர் இருக்கிறது, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. உருக்கித் தெளிவை மட்டும் தடவினால் சுடச்சுட வாசனை தூக்கும். ஆறிய பிறகு வெண்ணெய் இறுகி நாக்கில் ஒட்டும். ஸ்பனகோபிட்டா பெரும்பாலும் ஆறிய பிறகு தின்னும் பண்டம், கிரேக்கத்தில் காலையில் பேக்கரியில் வாங்கி நடந்துகொண்டே தின்பார்கள். ஆகவே என் ஓட்டு ஆலிவ் எண்ணெய்க்கு.

தட்டு உலோகத்தில் இருக்கட்டும், கண்ணாடி மெதுவாகத்தான் சூடேறும். 180 டிகிரி, ஓவனின் கீழ்த்தட்டு. உள்ளே வைக்கும் முன்பே மேல்தாள்களை மட்டும் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறிவிட வேண்டும். வெந்த பிறகு வெட்டினால் தூளாகும், கீறாவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நீராகும். வெளியே எடுத்ததும் துணி போட்டு மூடாதீர்கள். அரை மணி நேரம் திறந்தபடியே இருக்கட்டும். மிஞ்சியதை மறுநாள் மைக்ரோவேவில் வைக்காமல், தோசைக்கல்லில் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மிதமான தீயில் ஐந்து நிமிடம் போடுங்கள்.