ராமநாதபுரம் குண்டு வத்தல்: எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட மிளகாய்

வீட்டுக்கு ஒரே ஒரு வகை வத்தல்தான் வாங்க முடியும் என்றால் ராமநாதபுரம் குண்டைத்தான் வாங்கச் சொல்வேன். முண்டு என்றும் சொல்வார்கள். வெறும் காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. காரம் மட்டும் போதுமென்றால் ஆந்திரா தேஜா இருக்கிறது, இதைவிட நன்றாகவே காந்தும். குண்டில் காரத்தோடு ஒரு வாசமும் சேர்ந்து வருகிறது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் மிளகாயின் ருசி வாயில் இருக்கும். எரிச்சல் அதற்குள் அடங்கியிருக்கும். வயிற்றையும் அதிகம் படுத்துவதில்லை. எங்கள் வீட்டில் வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக இதையே வாங்குகிறோம்.

நான் ஈரோட்டுக்காரி. அம்மா வீட்டில் எல்லாவற்றுக்கும் நீட்டு மிளகாய்தான். அரிசிம்பருப்பு சாதத்துக்குத் தாளிப்பதும் அதுதான், கொள்ளுப் பருப்புக்குக் கிள்ளிப் போடுவதும் அதுதான். கல்யாணமாகிப் பரமக்குடி வந்த பிறகுதான் குண்டு எனக்குப் பழக்கமானது. இந்தப் பக்கம் நீட்டு வத்தல் வேண்டுமென்றால் சம்பா என்று தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இலந்தைப்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக, உருண்டையாக, கறுஞ்சிவப்பாக இருக்கும். தோல் தடிமன். அதனால் காய்ந்த பிறகும் நீட்டு வத்தல் மாதிரிச் சப்பையாகிவிடாமல் உருண்டையாகவே நிற்கும். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, பரமக்குடி என்று ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரும்பாலும் மானாவாரியாக விளைவது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறார்கள். மழை ஏமாற்றினாலும் போச்சு, பூக்கிற நேரத்தில் கொட்டித் தீர்த்தாலும் போச்சு. தப்பிப் பிழைத்தது தை, மாசியிலிருந்து பழுத்து வரும். பறித்த பழத்தை ஓரிரு நாள் குவித்து வைத்து, நிறம் ஒன்றுபோல் ஏறிய பிறகு களத்தில் பரப்புவார்கள். மாசி, பங்குனியில் கிராமத்து ரோடுகளில் வண்டியில் போனால் இரண்டு பக்கமும் சிவப்பாக விரித்திருக்கும், கண்ணாடியை இறக்கினால் தும்மல் வரும். 2023-ல் இந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கரிசலில், அந்த வெயிலில் பாடுபடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதைதான் அது. அந்தப் பெயரோடு விலையும் அவர்கள் கைக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

வத்தல் பார்த்து வாங்கக் கற்றுக்கொடுத்தது என் மாமியார். கமிஷன் கடையில் மூட்டையைப் பிரித்ததும் மேலே கிடப்பதைத் தொடவே மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். "காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருத்தா, விதை கலகலன்னு பேசணும்" என்பார். சத்தம் வராவிட்டால் ஈரம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து ஒன்றை இரண்டாக உடைத்து உள்பக்கம் பார்ப்பார். உள்தோல் ஆரஞ்சும் சிவப்புமாக, விதை வெளிர்மஞ்சளாக இருந்தால் நல்ல காய். உள்ளே சாம்பலோ கறுப்போ பூத்திருந்தால் மூட்டையையே தள்ளிவிடச் சொல்வார். பூஞ்சை பிடித்த வத்தலை வெயிலில் போட்டு எடுத்தாலும் சாப்பாட்டுக்கு ஆகாது, அதில் உண்டாகிற நச்சு வெயிலுக்குப் போவதில்லை. கடைசியில் காம்பு. "காம்பு போன வத்தலை எடுக்காதத்தா, அது வழியாத்தான் பூச்சி ஏறும்." வெளுத்துப்போன சோடைக் காய்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிடிக்கு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் தாளித்துப் பார்க்க வேண்டும். நல்லெண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து அடங்கும்போது இரண்டு குண்டு வத்தலை முழுசாகப் போடுங்கள். சில நொடியில் தோல் விம்மி, சுருக்கமெல்லாம் விரிந்து பளபளவென்று ஆகும். கறுஞ்சிவப்பு அப்படியே காவிச் சிவப்புக்கு மாறும். நீட்டு வத்தலில் இந்தக் கட்டத்தைப் பிடிப்பது கஷ்டம், தோல் மெலிசு, திரும்பிப் பார்ப்பதற்குள் கருகிக் கமறிவிடும். குண்டு கொஞ்சம் நேரம் தரும். அந்த நேரத்தில்தான் வாசம் எண்ணெயில் இறங்குகிறது. பொரிந்ததை எடுத்து உப்புக்கல்லோடு பழைய சோற்றில் நொறுக்கிப் போட்டு, கொஞ்சம் மோர் விட்டு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் வைத்துக்கொண்டால் வேறு ஒன்றும் வேண்டாம். எங்கள் வீட்டில் சித்திரை, வைகாசி முழுவதும் காலைச் சாப்பாடு பெரும்பாலும் இதுதான்.

மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். விதை ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளை நரம்பில்தான் காரத்தைத் தருகிற காப்சைசின் என்ற பொருள் உண்டாகிறது. விதைக்கு ஒட்டின காரம்தான். அதனால் காரம் மட்டாக வேண்டுமென்றால் விதையைத் தட்டுவதோடு நிறுத்தாமல் அந்த நரம்பையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மிளகாய்ச் சட்னிக்கு மேலே நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்துச் சாப்பிடச் சொன்ன பாட்டிகள் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெயில் காரம் பரவி, ஒரே இடத்தில் சுள்ளென்று ஏறாமல் மெதுவாக வரும். காரம் தலைக்கேறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. தயிரோ பாலோ குடியுங்கள், பாலில் உள்ள கேசின் என்ற புரதம் காப்சைசினைப் பிடித்து இழுத்துப் போய்விடும். இன்னொன்றும் உண்டு. சூட்டை உணருகிற அதே நரம்பு உணரியைத்தான் காப்சைசினும் தட்டுகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆவி பறக்கிற இட்லியோடு சாப்பிடும்போது காரமாக இருக்கிற சட்னி, ஆறிய இட்லியோடு அவ்வளவாக எரியாததற்குக் காரணம் அதுதான். குழந்தைகளுக்கு ஆறவிட்டுக் கொடுத்தால் அவர்களும் சாப்பிடுவார்கள்.

அந்தச் சட்னியைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை முடிக்க முடியாது. பன்னிரண்டு குண்டு வத்தலை அரைமணி நேரம் வெந்நீரில் ஊறப்போடுங்கள். ஒரு கை சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, கொஞ்சம் புளி, கல் உப்பு. எதையும் வதக்க வேண்டாம், பச்சையாக அரைப்பதுதான். முதலில் மிளகாயையும் உப்பையும் தனியாக மையாக அரைத்துவிட்டு, பிறகு பூண்டும் புளியும், கடைசியில் வெங்காயத்தைப் போட்டு இரண்டு சுற்று. வெங்காயத்தை முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு மிளகாய்த் தோல் திப்பித்திப்பியாக நிற்கும். நல்லெண்ணெய் தாராளமாக. இட்லிக்கும் தோசைக்கும் ஒன்றுபோல் பொருந்தும். மீன் குழம்பிலும் நண்டு மசாலாவிலும் குண்டை அரைத்துப் போட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும், தடித்த தோல் அரைபட்டுச் சேர்வதால் தேங்காய் குறைவாகவே போதும். செட்டிநாட்டுப் பக்கம் குண்டை விடாமல் வைத்திருப்பதற்கு இந்தக் கெட்டித்தன்மையும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் பெரிய பையன் பாட்டில் சாஸ் பிரியன். ஆம்லெட்டுக்கும் சுண்டலுக்கும் சாஸ் இல்லாமல் உட்கார மாட்டான். அதனால் டபாஸ்கோவும் ஸ்ரீராச்சாவும் எங்கள் ஃப்ரிட்ஜில் உண்டு. டபாஸ்கோவை நான் மதிக்கிறேன். அமெரிக்காவில் லூசியானாவின் ஏவரி தீவில் 1868-லிருந்து செய்கிறார்கள். மிளகாய், வினிகர், உப்பு, இவ்வளவுதான் சேர்மானம். அரைத்த மிளகாயை உப்போடு ஓக் மரப் பீப்பாயில் மூன்று வருஷம் வரை ஊறவைக்கிறார்கள். 1912-ல் ஸ்கோவில் என்பவர் உண்டாக்கிய கார அளவுகோலில் அது 2,500 முதல் 5,000 வரைதான், நம் நாக்குக்குப் பெரிய காரமே இல்லை. பாதி வெந்த முட்டையின் மஞ்சள்கருவில் இரண்டு சொட்டு விட்டால் அருமையாக இருக்கும். ஆனால் அந்த வினிகர்ப் புளிப்பு நம் புளியோடு சண்டை போடுகிறது. சாம்பார் சாதத்திலோ ரசத்திலோ விட்டால் இரண்டுமே கெட்டுப்போகும். ஸ்ரீராச்சாவின் பூண்டும் இனிப்பும் நூடுல்ஸுக்குச் சரி, தோசைக்கு எனக்கு ஒட்டவில்லை.

அவனுக்காகக் குண்டு வத்தலிலேயே ஒரு சாஸ் செய்ய ஆரம்பித்தேன். இப்போது மற்ற இரண்டு பாட்டிலும் அதிகம் வெளியே வருவதில்லை. நூறு கிராம் வத்தலைக் காம்பு, விதை, நரம்பு எல்லாம் நீக்கிக் கொதிநீரில் ஒரு மணி நேரம் மூடிவைக்க வேண்டும். தோல் பஞ்சு மாதிரி ஆனதும் பத்துப் பல் பூண்டு, உப்பு, துளி கருப்பட்டி, ஒரு டம்ளர் வினிகர் சேர்த்து மைய அரைத்து, பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். வடிகட்டுவதில்தான் வேலை. குண்டின் தோல் தடிப்பு என்பதால் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து இறக்க வேண்டும், பொறுமை வேண்டும். நிறம் செங்கல் சிவப்பாக வரும், கடைச் சாஸின் பளிச் சிவப்பு வராது. ருசியில் வத்தல் வாசம் அப்படியே இருக்கும். பட்டாணிச் சுண்டல், ஆம்லெட், அவித்த மரவள்ளிக் கிழங்கு, மிச்சமான சப்பாத்தி எதற்கும் போடலாம். மரவள்ளிக் கிழங்குக்குத்தான் என் ஓட்டு.

குறைகளும் உண்டு. என் அனுபவத்தில் நீட்டு வத்தலைவிடக் குண்டு பெரும்பாலும் விலை கூடுதல். மழை தப்பிய வருஷத்தில் வாங்கவே யோசிக்க வைக்கும். கண்ணைப் பறிக்கிற நிறம் வேண்டுமென்றால் குண்டு உதவாது, அதற்குப் பியாடகியோ காஷ்மீரியோதான். குழம்புத்தூளுக்கு நான் பாதி குண்டு, பாதி நீட்டு வத்தல் கலந்துதான் மில்லுக்குக் கொடுக்கிறேன். குண்டு மட்டும் போட்டால் தூள் கொஞ்சம் கரகரப்பாக நிற்கிறது. மில்லுக்குக் கொண்டுபோகும் முன் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தாக வேண்டும். தடித்த தோலுக்குள் ஈரம் ஒளிந்திருந்தால் மெஷினில் ஒட்டிக்கொள்ளும், அரைத்த தூளும் சீக்கிரம் கட்டி தட்டும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கவனமாக இருங்கள். ஒருமுறை என் தங்கைக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்புவதற்காக ஒரு கடையில் ஆர்டர் போட்டேன். அட்டையில் ராமநாதபுரம் என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். பிரித்தால் பாதிக்கு மேல் காம்பு கிள்ளியவை, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது, உடைத்தால் வாசமே இல்லை. பழைய சரக்கை எண்ணெய் தடவி மினுக்கியிருக்கிறார்கள். நல்ல குண்டு வத்தலின் பளபளப்பு விரலில் ஒட்டாது. ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், பிசுக்கோ சாயமோ இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தங்கைக்குப் பிறகு இங்கிருந்து பார்சல் போட்டேன். இப்போது அவள் தெருவிலேயே நாலு வீட்டுக்குச் சேர்த்துக் கேட்கிறாள்.

வாங்குவதற்கு ஏற்ற காலம் பங்குனியும் சித்திரையும். கடையில் முதலில் "இது இந்த வருஷத்துக் காயா?" என்று கேளுங்கள். மொத்தமாக வாங்கினால் இரண்டு நாள் வெயிலில் போட்டு, சூடு ஆறிய பிறகு மட்டும் டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துவிடும். கறுத்ததையும் உடைந்ததையும் அப்போதே பொறுக்கி எடுத்துவிட வேண்டும். காம்பைக் கிள்ளாமல் வையுங்கள், சமைக்கிற அன்றைக்குக் கிள்ளினால் போதும். இடமிருந்தால் ஒரு பங்கை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், வெளியே வைத்தது நிறம் மங்கினாலும் ஃப்ரிட்ஜில் வைத்தது தீபாவளி வரை சிவப்பாகவே இருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் அரை கிலோவில் ஆரம்பியுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்குத் தாளிக்கவும் சட்னிக்குமாக ஒரு மாதத்துக்கு மேலேயே வரும்.