பழைய அலுவலகக் கணினிக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்டு? ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6400, ஆர்டிஎக்ஸ் 3050: ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பகுதிகளில் குறைந்த செலவில் கணினி வேண்டுவோர் பலர், நிறுவனங்கள் கழித்துவிட்ட அலுவலகக் கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடைகளையே நாடுகின்றனர். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5-4570 செயலி, டிடிஆர்3 நினைவகம், கோபுர வடிவப் பெட்டியில் 290 வாட் மின்வழங்கி ஆகியவை அதில் இருக்கும். பள்ளிப்பாடத்துக்கும் அலுவலக வேலைக்கும் அது தாராளமாகப் போதும். பிள்ளைகள் விளையாட்டு கேட்கும்போதோ, கோயிலின் தைப்பூசக் காவடியை நேரலையில் காட்டவேண்டும் என்று நிர்வாகத்தினர் கேட்கும்போதோதான் கிராபிக்ஸ் கார்டு பற்றிய பேச்சு தொடங்குகிறது.

அப்போது பெரும்பாலோர் முதலில் தேடுவது எந்தக் கார்டு விளையாட்டில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படச்சட்டம்) தருகிறது என்னும் அட்டவணையை. அந்த அட்டவணைகள் புதிய செயலியும் புதிய மதர்போர்டும் கொண்ட கணினிகளில் எடுக்கப்பட்டவை. பழைய பெட்டிக்குள் அதே வரிசை நிலைக்கும் என்று சொல்ல முடியாது. பெட்டி எவ்வளவு மின்சாரம் தரும், கார்டைச் செருகும் ஸ்லாட் தரவுக்கு எவ்வளவு அகலமான பாதை தரும் என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிட்டு, தேறிய கார்டுகளுக்குள் மட்டும் வேகத்தை ஒப்பிடுவதே சரியான வரிசை என்பது என் கருத்து.

மின்சாரத்திலிருந்து தொடங்கலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் பெறலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மின்வழங்கியிலிருந்து 6 பின் அல்லது 8 பின் கம்பி தனியாக வரவேண்டும். ஆப்டிபிளெக்ஸ் வகைப் பெட்டிகளில் அந்தக் கம்பி பொதுவாக இருப்பதில்லை. மின்வழங்கியை மாற்றிவிடலாம் என்றால், 9020-இன் மதர்போர்டு வழக்கமான 24 பின் இணைப்புக்குப் பதிலாக டெல்லுக்கே உரிய 8 பின் இணைப்பைக் கொண்டிருப்பதால் அடாப்டரும் வாங்கவேண்டும். இந்த ஒரே காரணத்தால், பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 580 போட்டியிலிருந்து விலகிவிடுகிறது. 8 ஜிபி நினைவகத்துடன் அது ஜிடிஎக்ஸ் 1650-ஐ வேகத்தில் முந்துவது உண்மைதான். ஆனால் அது கேட்பது 185 வாட். மின்வெட்டு 2024-க்குப் பிறகு பெருமளவு குறைந்திருந்தாலும், வீட்டில் சிறிய இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கக்கூடாது. மின்சாரம் நின்றபின் கணினி எவ்வளவு நேரம் ஓடும் என்பதைக் கார்டின் வாட் அளவும் தீர்மானிக்கிறது.

இனி முக்கியமான போட்டிக்கு வரலாம். 2019-இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1650, 2022-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 ஆகிய இரண்டும் காகிதத்தில் இரட்டையர் போலத் தெரிகின்றன. இரண்டிலும் 4 ஜிபி நினைவகம். இரண்டிலும் அந்த நினைவகத்தின் வேகம் நொடிக்கு 128 ஜிபி. மின்செலவில் 53 வாட் மட்டுமே கேட்கும் 6400 முந்துகிறது. 1650 கேட்பது 75 வாட். 1650-இல் தனிக் கம்பி இல்லாத ஜிடிடிஆர்5 பதிப்பைத் தேடி வாங்கவேண்டும். பின்னர் வந்த ஜிடிடிஆர்6 பதிப்புகள் சில 6 பின் கம்பியைக் கேட்பவை.

வேறுபாடு ஸ்லாட்டில் இருக்கிறது. 1650 தன் ஸ்லாட்டில் தரவு செல்லும் 16 தடங்களையும் பயன்படுத்துகிறது. 6400-க்கு இருப்பவை 4 தடங்கள் மட்டுமே. நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் கொண்ட புதிய கணினியில் அந்த 4 தடங்கள் நொடிக்குச் சுமார் 8 ஜிபி தரவைக் கடத்தும். ஐ5-4570 போன்ற செயலிகள் தருவது மூன்றாம் தலைமுறை என்பதால் அது 4 ஜிபியாகக் குறைகிறது; அதற்கும் முந்தைய, இரண்டாம் தலைமுறை இன்டெல் செயலிகள் உள்ள பெட்டிகளில் 2 ஜிபிதான். அதே மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் 1650-க்குச் சுமார் 16 ஜிபி கிடைக்கிறது. விளையாட்டின் படத்தரவுகள் கார்டின் 4 ஜிபிக்குள் அடங்கும்வரை இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. அடங்காத நொடியில் மீதியைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து அந்தக் குறுகலான பாதை வழியாகவே கொண்டுவர வேண்டியிருக்கும். அப்போது சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே இருந்தாலும் காட்சி இடையிடையே திக்கும். புதிய கணினியில் ஏறக்குறைய சமமாக நிற்கும் இரண்டு கார்டுகள், பழைய பெட்டியில் பிரிந்துபோவது இதனால்தான். அமைப்புகளைக் குறைத்து வைப்பது 6400 வைத்திருப்பவர்க்குக் கட்டாயமாகிறது. 1650 வைத்திருப்பவர்க்கு அவ்வளவு நெருக்கடி இல்லை.

நேரலையிலும் 1650-க்கே சாதகம். 6400-இல் வீடியோவை ஒளிபரப்புக்கேற்பச் சுருக்கிக் குறியாக்கும் வன்பொருள் அறவே இல்லை. ஓபிஎஸ் என்னும் நேரலை மென்பொருள் கொண்டு காவடி ஊர்வலத்தை மணிக்கணக்கில் ஒளிபரப்பினால், அந்தச் சுமை முழுவதும் நான்கு கோர் கொண்ட பழைய செயலியின் தலையில் விழும். செயலியிலேயே உள்ள இன்டெல் கிராபிக்ஸைப் பயோஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளில்) இயக்கத்தில் வைத்திருக்க முடிந்தால் அதன் குயிக் சிங்க் என்னும் குறியாக்க வசதியைப் பயன்படுத்தலாம். எல்லாப் பெட்டிகளும் அதற்கு இடம் தருவதில்லை. 1650-இல் குறியாக்கி உள்ளேயே இருக்கிறது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு மட்டும், கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே வந்துவிடுவதால், 6400 கொஞ்சம் நிம்மதி தரும்.

மூன்றாவதாக, ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி பதிப்பு. 2024 பிப்ரவரியில் வந்த இது 70 வாட்டுக்குள், தனிக் கம்பி இல்லாமல் இயங்குகிறது. 8 தடங்களைப் பயன்படுத்துவதால் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டிலும் மூச்சுத் திணறுவதில்லை. வேகத்தில் இம்மூன்றில் இதுவே முதல், விலையிலும் இதுவே முதல். ஐ5-4570 அதன் முழு வேகத்தையும் வெளிக்கொணராது என்பது உறுதி. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் செயலியை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஓரிரு ஆண்டில் பெட்டியை மாற்றும் எண்ணம் இருந்தால், கழற்றி எடுத்துப் புதிய பெட்டியிலும் பொருத்தத்தக்க கார்டு இதுவே. அந்த எண்ணம் இல்லாத வீட்டில் இவ்வளவு பணத்தைக் கார்டில் போடுவதைவிட, ஒற்றை நினைவகக் குச்சியோடு வந்த கணினிக்கு இன்னொரு டிடிஆர்3 குச்சி சேர்த்து, இரண்டும் ஒரே நேரத்தில் தரவு தரும் இரட்டைத் தடத்தில் ஓட்டுவது அதிகப் பலன் தரும்.

மற்றவற்றைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இன்டெல் ஆர்க் ஏ380 நல்ல கார்டு என்றாலும், செயலி கார்டின் நினைவகம் முழுவதையும் ஒருசேர அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதியும், இன்டெல் என்றால் பத்தாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் அதற்கு வேண்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-க்கு என்விடியா வழக்கமான விளையாட்டு டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி வருபவை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. ஜிடி 1030 வாங்கினால் ஜிடிடிஆர்5 பதிப்பா என்று பார்க்கவேண்டும். அதே பெயரில் விற்கும் டிடிஆர்4 பதிப்பின் நினைவக வேகம் 48 ஜிபியிலிருந்து 16.8 ஜிபியாக வீழ்ந்துவிடுகிறது. ஒரே பெயரில் இரண்டு தரம் விற்பதை நேர்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கோபுரப் பெட்டி வைத்திருப்போருக்கு என் தேர்வு, பழைய சந்தையில் கிடைக்கும் 1650. மெல்லிய பெட்டி என்றால் கணக்கு மாறும். குட்டையான 1650 அரிதாகவும் கூடுதல் விலையிலுமே கிடைப்பதால், ஒற்றை ஸ்லாட்டில் அடங்கும் 6400-ஐ அதன் குறையோடு ஏற்கலாம். பணம் இருந்தால் 3050-இன் குட்டைப் பதிப்பு. வாங்கும் முன் பயோஸை இறுதிப் பதிப்புக்குப் புதுப்பிப்பது நல்லது. பழைய பயோஸில் புதிய கார்டு திரையையே காட்டாமல் போகக்கூடும்.

கடையில் வாங்கும் பொருள் பழுதானால், தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆறு மாதங்களுக்குள் திருப்பித்தரப் பொதுவாக உரிமை உண்டு. தனிநபரிடம் பழைய பொருளாக வாங்குவதற்கு அது பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியையும் கூட்டிப் பார்க்கவேண்டும். கடற்கரைப் பகுதி வீடுகளிலிருந்து வரும் கார்டுகளில் உப்புக் காற்று பட்டுத் தாங்குதகடும் திருகுகளும் துருப்பிடித்திருக்கின்றனவா என்று கவனிக்கவேண்டும். பணம் கொடுக்கும் முன் விற்பவரின் கணினியிலேயே ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளைத் திறந்தால், பழைய சிப் கொண்ட கார்டின் சொந்தப் பயோஸை மாற்றிப் புதிய பெயரில் விற்கும் போலிகளில் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். அதே திரையில் 1650-க்கு 16 தடங்கள் பதிவாகாமல் 8 அல்லது 4 என்று வந்தால், ஸ்லாட்டைத் துடைத்து மீண்டும் பொருத்திப் பார்க்கச் சொல்லவேண்டும், அப்போதும் மாறாவிட்டால் வேறு கார்டைத் தேடலாம்.