பூட்டுத் திறப்புக் கருவிகள்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் லாக் பிக்கிங்கைப் பழக நினைப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இருபது, முப்பது கருவிகள் அடங்கிய ஒரு பை. கூடவே உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரு கண்ணாடிப் பூட்டும் வரும். சில வருடங்களாக இதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். அந்த மாதிரிப் பையிலிருந்து இன்றும் என் கையில் புழங்குவது முனை வளைந்த ஒரு குட்டைக் கொக்கியும், உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்துத் திறக்கும் ஒரு ரேக்கும்தான். மற்றதெல்லாம் வாங்கிய பளபளப்பு மாறாமல் பையிலேயே இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பணத்தை எங்கே போடலாம், எங்கே போட வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் கணக்கு இதுதான்: பூட்டுக்குள் விட்டு நெம்பும் கம்பிகளான பிக்குகளை வாங்குவதைக் குறையுங்கள், பூட்டைத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் பட்டைக்கும் பூட்டுகளுக்கும் செலவு செய்யுங்கள்.

அதற்கு முன் இரண்டு விதிகள். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டவை. உங்களுடையது அல்லாத பூட்டை உரியவர் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. உங்களுடையதே ஆனாலும் பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடக் கூடாது. முதலாவது யாருக்கும் விளங்கும். இரண்டாவதைத்தான் "என் வீட்டுக் கதவுதானே" என்று மீறுவார்கள். சாவி இல்லாமல் உருளையை (சாவியோடு திரும்பும் பகுதியை) அரைச் சுற்றுத் திருப்பினால், மேலே இருக்கும் பின்கள் என்ற சிறு உலோகத் துண்டுகள் சாவித்துளையின் அடிப்பக்கத் திறப்புக்கு நேராக வந்து, ஸ்பிரிங் தள்ளியதும் உள்ளே இறங்கிவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் உருளை அங்கேயே சிக்கி நிற்கும், சாவியும் நுழையாது. மேசைமேல் இருக்கும் பூட்டில் இது நடந்தால் அரை மணி நேர வேலை. வாசல் கதவில் நடந்தால் ராத்திரி முழுக்க வெளியே நிற்க வேண்டியதுதான்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் 2003-இல் வந்த சட்டம், தகுந்த காரணம் இல்லாமல் இந்தக் கருவிகளை வைத்திருப்பதையே தடை செய்கிறது. வேறு சில நாடுகளில் இதற்கென்று மன்றங்களே இயங்குகின்றன, போட்டிகள் நடக்கின்றன. உங்கள் நாட்டில் என்ன நிலை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பின் டம்ளர் பூட்டின் அமைப்பு மனதில் இல்லாவிட்டால் எந்தக் கருவியாலும் பயனில்லை. 1860-களில் லைனஸ் யேல் இளையவர் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் பெரும்பாலான பூட்டுகளில் இருக்கிறது. திரும்பும் உருளை ஒன்று, அதில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே சாவிப் பின், அதன்மேல் டிரைவர் பின், அதற்கும் மேலே ஸ்பிரிங். சரியான சாவியைப் போட்டால் எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றாக வரும், உருளை திரும்பும். சாவி இல்லாமலும் திறக்க முடிகிறது என்றால், அந்தத் துளைகளை இம்மியும் பிசகாமல் ஒரே கோட்டில் போட எந்தத் தொழிற்சாலையாலும் முடியவில்லை என்பதால்தான். உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகாது. ஏதோ ஒன்று முந்திக்கொள்ளும். அதைத் தேடிப் பிடித்து, உயர்த்தி அமர்த்தினால் உருளை மயிரிழை நகரும், அடுத்தது இறுகும். இப்படியே கடைசிப் பின் வரை.

அந்த "லேசாக" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிக் பிடித்த கை செய்வது கால்வாசி வேலை. மீதியெல்லாம் டென்ஷன் பட்டையின்மேல் இருக்கும் விரலுடையது. செட்டில் வரும் பட்டைகள் பெரும்பாலும் சாவித்துளையின் அடியில் செருகும் வகை. எல் வடிவத்தில், அகலமாக, கொஞ்சம் துள்ளலோடு இருக்கும். பிக் நுழைய வேண்டிய இடத்தில் பாதியை இவையே அடைத்துக்கொள்ளும். நாம் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு பட்டை வளைவதிலேயே போய்விடும், உருளையின் சின்ன அசைவு விரலுக்கு எட்டாது. பின்கள் இருக்கும் பக்கத்து விளிம்பில், வாயோரத்தில் மட்டும் கடித்து நிற்கும் தட்டைப் பட்டைகளுக்கு மாறிப் பாருங்கள், அதே பூட்டு வேறு பூட்டு மாதிரித் தெரியும். 0.040, 0.050 அங்குலத் தடிமனில் வகைக்கொன்று இருந்தால் பெரும்பாலான பூட்டுகளைச் சமாளிக்கலாம். பட்டை ஆடாமல் உட்கார வேண்டும். சற்றே பெரிதாக இருந்தால் அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். உள்ளே போகும் நீளத்தையும் கவனியுங்கள். கூடுதலாக நீண்டால் முதல் பின்னில் போய் முட்டும். அந்தப் பின் ஏன் அசையவே மாட்டேன் என்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

வாங்காமலும் சமாளிக்கலாம். கார் வைப்பர் ரப்பரோடு ஓடும் மெல்லிய எஃகுப் பட்டையை வெட்டி, இரண்டு குறடுகளுக்கு இடையில் மடக்கினால் அருமையான டென்ஷன் பட்டை தயார். சாலை கூட்டும் இயந்திரத் தூரிகையிலிருந்து உதிரும் எஃகு இழைகளையும் இதற்கென்றே பொறுக்கி வைப்பவர்கள் உண்டு. என்னிடம் அதிகம் உழைப்பது வைப்பர் பட்டையில் செய்ததுதான்.

அழுத்தம் எவ்வளவு என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. மூடிய கண்ணிமையின்மேல் விரல் வைத்தால் எவ்வளவு அழுத்துவோமோ, அவ்வளவில் தொடங்குங்கள். உங்கள் நகத்தடி வெளுக்கிறது என்றால் அது மிக அதிகம். அழுத்தம் கூடினால் எல்லாப் பின்களும் சேர்ந்து இறுகிவிடும், எது முதலில் இறுகியது என்ற தகவலே போய்விடும். புதியவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில், பூட்டு திறக்காததற்குப் பத்தில் எட்டு முறை இதுதான் காரணம். அவர்களோ பிக் சரியில்லை என்று அடுத்த செட்டை ஆர்டர் போடுவார்கள்.

கண்ணாடிப் பூட்டைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பின்கள் எப்படி எழும்புகின்றன என்று ஒருநாள் சாயங்காலம் பார்த்துப் புரிந்துகொள்ள அது நல்ல பொருள். அதோடு எடுத்து வைத்துவிடலாம். உள்ளே துளைகள் தாராளமாக இருக்கும், பின் அமர்வது விரலுக்குத் தெளிவாகத் தெரியாது. கண் பார்த்துக்கொண்டே இருப்பதால் விரல் கற்றுக்கொள்ளவும் மெனக்கெடாது. அதில் நொடியில் திறப்பவர் உலோகப் பூட்டைக் கையில் எடுத்ததும் திணறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பிக்குகளுக்கு வருவோம். குட்டைக் கொக்கி ஒன்று, அதைவிடச் சற்று உயரமான கொக்கி ஒன்று, ரேக் ஒன்று. தடிமன் முக்கியம். 0.025 அங்குலம் அகலமான சாவித்துளைகளுக்கு, 0.018 அளவில் ஒன்று குறுகலானவற்றுக்கு. இன்னும் நெருக்கமான துளைகளுக்கு 0.015 இருக்கிறது, ஆனால் கை பழகும் முன் அதை வாங்கினால் வளைத்துவிடுவீர்கள். எஃகிலும் வித்தியாசம் உண்டு. 301 ரக துருப்பிடிக்காத எஃகு வளைந்து கொடுக்கும், விரலால் நிமிர்த்திக்கொள்ளலாம். 420 ரகம் விறைப்பானது, தகவல் நன்றாகக் கடத்தும், அளவு மீறினால் பட்டென்று முறியும். அரைவைரம், பந்து, இரட்டைப் பந்து வடிவ முனை கொண்ட பிக்குகள் எல்லாம் வேறு வகைப் பூட்டுகளுக்கோ வேறு முறைகளுக்கோ உரியவை. பின் டம்ளர் பூட்டில் ஒவ்வொரு பின்னாகத் திறப்பவருக்கு அவற்றுக்கு வேலை மிகக் குறைவு.

விலை குறைந்த பிக்குகளின் பெரிய குறை அச்சில் வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறு. சாவித்துளையின் உள் மேடுகளில் அது உரசும்போது, பின் அமர்ந்ததுபோல் பொய்யான துடிப்பு விரலுக்கு வரும். 400-இல் தொடங்கி 600, 1000, 2000 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போய், நீளவாக்கில் மட்டும் தேய்த்து, விளிம்பை உருட்டிவிட்டால் சாதாரண பிக்கும் நன்றாகவே உழைக்கும். இந்த ஒரு மணி நேர வேலையை யாரும் செய்வதில்லை. கைப்பிடி விஷயத்தில், ரப்பர் உறை போட்டவை நாளாக ஆகக் கழன்று வழுக்குகின்றன. வெறும் உலோகக் கைப்பிடி ஆரம்பத்தில் விரலை அறுத்தாலும் நெடுநாள் தாங்குகிறது.

ரேக்கை ஏளனமாகப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் நாளே ஒரு பூட்டு திறந்துகொள்ளும் சந்தோஷத்தை அதுதான் தருகிறது, பாதிப் பேர் இதில் தங்குவதற்கு அந்தச் சந்தோஷமே காரணம். கற்றுக்கொடுப்பது குறைவு என்பது மட்டும் உண்மை.

எந்தப் பூட்டு வாங்குவது? பிராண்டைப் பார்ப்பதற்கு முன் சாவியைப் பாருங்கள். வெட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் எளிது. ஆழமான வெட்டை அடுத்து உடனே உயரமான மேடு வந்தால், அது நான்கு பின் பூட்டாக இருந்தாலும் கஷ்டம். பின்னால் உள்ள பின்னை உயர்த்தப் போகும்போது முன்னால் உள்ளதைத் தொடாமல் போக வேண்டும், அதற்கு இடமே இருக்காது. மிக மட்டமான பூட்டுகளும் கற்க உதவாது. குலுக்கினாலே திறக்கும், எந்தப் பின் என்ன செய்தது என்று தெரியாது. நான்கு பின், பித்தளை உடல், நல்ல ஸ்பிரிங், இதுதான் தொடக்கத்துக்குத் தோதானது. மாஸ்டர் லாக் 140 இந்த இடத்தில் பலருக்கும் பழக்கமான பூட்டு. அதில் ஸ்பூல் பின்களும் இருப்பதால், அடுத்த படிக்கும் அதுவே ஆசான்.

ஸ்பூல் பின் என்பது இடுப்பு ஒடுங்கிய டிரைவர் பின். ஒன்றிரண்டு பின்களை அமர்த்தியதும் உருளை திடீரென்று நன்றாகவே திரும்பும், சாவித்துளை சாய்ந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். திறந்துவிட்டது என்று தோன்றும். திறந்திருக்காது. ஒடுங்கிய இடுப்பு விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போது பின்களை ஒவ்வொன்றாக மெல்லத் தொட்டுப் பாருங்கள். சில கல்லாக இருக்கும். ஒன்றைத் தொடும்போது மட்டும் டென்ஷன் பட்டை உங்கள் விரலை எதிர்ப்பக்கம் தள்ளும். அதுதான் ஸ்பூல். தள்ளுகிறதே என்று விரலை இன்னும் அழுத்தினால் பின் மேலே போகாது. பயந்து விட்டுவிட்டால் மற்றவை சரசரவென்று கீழே விழும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிக் உயர உயர, விரல் அதே அளவில் பின்வாங்கிக்கொண்டே வர வேண்டும். உருளை பின்னால் போகும், ஒரு கணம் எல்லாம் கைவிட்டுப் போவதுபோல் தோன்றும், அப்புறம் ஒரு சின்ன டக், உருளை முன்பைவிட அதிகம் திரும்பி நிற்கும். துள்ளும் பட்டையில் இந்தப் பேச்சுவார்த்தை நடக்கவே நடக்காது. விறைப்பான பட்டைக்கு நான் இவ்வளவு வக்காலத்து வாங்குவது இதனால்தான்.

அதற்கு அடுத்து அமெரிக்கன் லாக் 1100 வரிசைக்குப் போகலாம். அதில் பின்களின் உடலில் வரிவரியாகப் பள்ளங்கள் உண்டு. ஒவ்வொரு பள்ளமும் ஒரு டக் கொடுக்கும், எது உண்மை என்று பிரித்தறிவதே பாடம்.

ஒரே அமர்வில் மணிக்கணக்காக உட்காராதீர்கள். கால் மணி நேரத்தில் விரல் மரத்துவிடும், அதற்குப்பின் வருவதெல்லாம் யூகம். பிரமா என்ற பூட்டு நிறுவனம் 1790-இலிருந்து லண்டன் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) தருவதாக எழுதி வைத்திருந்தது. 1851-இல் அதைத் திறந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸே 51 மணி நேரத்தை 16 நாட்களுக்குப் பிரித்துக்கொண்டார்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிக் உரசி உரசிப் பித்தளைத் தூள் சேரும், விரல் கறுக்கும். அதோடு எண்ணெய் கலந்தால் உள்ளே பிசுக்காகிவிடும், எனவே கிராஃபைட் அல்லது டெஃப்லான் போன்ற உலர்ந்த மசகு நல்லது. சாவியைப் பூட்டோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.

அடிக்கடி திறந்த பூட்டு கைக்கு மனப்பாடமாகிவிடும். மூன்றாவது, முதலாவது, நாலாவது என்று விரல் தானாகப் போகும், அதில் கற்க ஒன்றுமில்லை. இங்கேதான் பிரித்துக் கோக்கக்கூடிய பூட்டு கைகொடுக்கிறது. உருளை அளவுக்கே ஒரு மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் குச்சியை உருளைக்குப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனால், டிரைவர் பின்களும் ஸ்பிரிங்குகளும் இடத்திலேயே நிற்கும். குச்சி இல்லாமல் உருவினால் ஸ்பிரிங்குகள் அறை முழுக்கப் பறக்கும், விளிம்புள்ள தட்டில் வைத்தே பிரியுங்கள். பின்களை இடம் மாற்றிப் போட்டால் அதே காசுக்குப் புதுப் பூட்டு. ஒரே ஒரு பின்னோடு தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம். புதியவருக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியாது.

"அப்போ வீட்டுப் பூட்டெல்லாம் சும்மாவா?" என்று கேட்காத உறவினர் கிடையாது. திருட வருபவருக்குக் கொண்டியைப் பெயர்ப்பதோ சன்னலை உடைப்பதோதான் வேகமான வழி, பொறுமையாக விரல் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். கதவுச் சட்டமும் திருகாணியும் வலுவாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

இப்போது மேசையில் இருப்பது ஒரு டிஸ்க் பூட்டு. 1907-இல் ஃபின்லாந்தில் எமில் ஹென்ரிக்ஸன் கண்டுபிடித்து, பின்னாளில் அப்லாய் என்ற பெயரில் பரவிய வகை. உள்ளே பின்னும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, சுழலும் வட்டுகள் மட்டும். மேலே சொன்ன எந்தக் கருவியும் இதற்கு உதவாது. டென்ஷனும் பிக்கும் ஒன்றாகச் சேர்ந்த தனிக் கருவி வேண்டும், அதன் விலையும் ஒரு செட்டைவிட அதிகம். வாங்கிப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் வருடத்தில் யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.