குன்னூர் மாடி வகுப்பும் நர்ஸ் உரிமத் தேர்வும்

எஸ்டேட் டிஸ்பென்சரி வேலை முடிந்ததும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, குன்னூரில் ஒரு மாடியில் நடக்கும் என்கிளெக்ஸ்-பிஎன் (அமெரிக்காவில் ப்ராக்டிகல் நர்ஸ் உரிமத்துக்கான தேர்வு) வகுப்புக்குப் போய்வந்தேன். வீட்டுக்காரர் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே இந்த உரிமத்துக்கு எல்விஎன் (லைசென்ஸ்டு வொக்கேஷனல் நர்ஸ்) என்று பெயர். பெரும்பாலான மாநிலங்களில் எல்பிஎன் (லைசென்ஸ்டு ப்ராக்டிகல் நர்ஸ்).

அக்கா எடுக்கும் மருந்து வகுப்புக்கே கொடுத்த காசு சரியாகிவிடும். நம் சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால், பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். லசிக்ஸ் என்று பிராண்டு பெயரைச் சொன்னால் முறைப்பார். ஃபுரோசமைடு என்றுதான் சொல்ல வேண்டும். எடை பவுண்டில் இருந்தால் 2.2-ஆல் வகுத்துக் கிலோவாக்கிய பிறகே டோஸ் கணக்கு. எந்த நோயாளியை முதலில் பார்ப்பது, எதை ஆர்என்-இடம் (மேல்நிலை ரெஜிஸ்டர்டு நர்ஸ்) விடுவது என்பதையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார்.

மாதிரித் தேர்வுதான் சொதப்பல். 2023 ஏப்ரலிலேயே தேர்வு முறை மாறிவிட்டது. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் தொடர்ந்து வரும் கேஸ் ஸ்டடி உண்டு. சில கேள்விகளில் பாதி சரியென்றாலும் மதிப்பெண் கிடைக்கும். இவர்கள் தாளோ இன்னும் நாலில் ஒன்றை டிக் அடிக்கும் ரகம். கேட்டால், "புதுசு வரும்மா" என்கிறார்கள். எப்போது என்று மட்டும் கேட்கக்கூடாது!

கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். மருந்துக்காகச் சேருங்கள், கேஸ் ஸ்டடிக்கு ஆன்லைனில் தனியாக ஒரு வினா வங்கி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், மே மாதத்தில் சேர வேண்டாம். டூரிஸ்ட் கார்களுக்கு நடுவே பஸ் நகராது.