ராம்நாடு பக்கம் காமிக்ஸ் சாஃப்ட்வேர் வாங்குறவங்க பாத்து வாங்குங்க

எங்க லாத்தா மக நல்லா படம் போடுவா, கடல்பசு வச்சு ஒரு காமிக்ஸ் ஆரம்பிச்சிருக்கா, மச்சானும் துபாய்ல இருந்து பேனா டேப்லெட் அனுப்பிவிட, ராம்நாடு டவுன்ல ஒரு கடைல லேப்டாப்ப குடுத்து சாஃப்ட்வேர் போட்டுத்தரச் சொல்லிருக்காங்க. "ஜப்பான் மங்கா சாஃப்ட்வேர், ஒரிஜினல் லைசன்ஸ்"னு (மங்கான்னா ஜப்பான் காமிக்ஸ்) 4,500 ரூபா வாங்கிருக்கான். படத்துல ஆளுங்க பேசுற பலூன்ல எழுத தமிழ் ஃபாண்ட் பேக்குன்னு தனியா 800. பில்லு? துண்டுச்சீட்டு.

அதோட விட்டானா, இப்ப போன போட்டு ரினியூவல் 2,000 கட்டணும், இல்லன்னா வரைஞ்ச ஃபைல் எல்லாம் லாக் ஆயிரும்னு மெரட்டல், புள்ள அழுதுட்டா. நான் போயி ஹெல்ப் மெனுல அபௌட்ட அமுக்கிப் பாத்தா, அட, கிரிட்டா! கேடிஇங்குற சாஃப்ட்வேர் குழுவோட ஓபன் சோர்ஸ் படம் போடுற சாஃப்ட்வேர், யாரு வேணா யூஸ் பண்ணலாம், பகிரலாம்ங்குற ஜிபிஎல் லைசன்ஸ், அவங்க சைட்லயே சும்மா எறக்கிக்கலாம், ரினியூவலும் கெடையாது லாக்கும் கெடையாது. (ஸ்டீம்ல, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல வெல போட்டிருக்கும், அது செய்யுறவங்களுக்கே போற காசு, அது வேற.) இவன் செஞ்சது டெஸ்க்டாப் ஐகான் பேர மாத்துனது மட்டுந்தான். கிரிட்டாவோட சின்னம் கிக்கின்னு ஒரு அணிலு, சேதுவுக்கு மண்ணு சுமந்த அணில் ஊர்லயே அணில வச்சு ஆட்டையப் போட்டுட்டான்.

ஃபாண்ட் பேக்க பாத்தா கவிவாணர், மீரா இனிமை, கூகுள் ஃபாண்ட்ஸ்ல ஓசியா கெடக்குறது, புக்கு அச்சடிச்சு வித்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

கடைல போயி கேட்டா "பாய், அது சர்வீஸ் சார்ஜ்"ங்குறான். போட்டுக்குடுத்த கூலி வாங்கு, யாரு வேணாம்னா, லைசன்ஸ்னு ஏன் சொன்ன? ரொம்ப சத்தம் போட்ட பொறவு 800 மட்டும் திருப்பிக் குடுத்தான்.

நெசமாவே ஜப்பான் சாமான் வேணும்னா செல்சிஸ் கம்பெனியோட கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் இருக்கு. அதுல ப்ரோ, இஎக்ஸ்னு ரெண்டு, பல பக்கத்த ஒண்ணா வச்சு புக்கா வேல பாக்கணும்னா இஎக்ஸ் தான். கம்ப்யூட்டருக்கு ஒரேடியா வாங்கலாம், ஐபேடு போனுக்கு மாசம் இல்லன்னா வருசக் கட்டணம். எதுவா இருந்தாலும் அக்கவுண்ட் உங்க மெயில்ல இருக்கணும், கடைக்காரன் மெயில்ல போட விடாதீங்க.

மிச்சக் காசுக்கு 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் போட்டிருக்கேன். கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கம் வேற யாரும் இப்டி ரினியூவல் கட்டிருந்தீங்கன்னா அந்த துண்டுச்சீட்ட தூக்கிப்போட்றாதீங்க, மெசேஜ் பண்ணுங்க, சேந்தே போயி கேப்போம்.