ஐந்து ஆண்டுகளாக ஸ்டியரிக் அமிலம்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

தேங்காய் எண்ணெயை முதன்மையாக வைத்து நான் வீட்டில் செய்துவந்த கைக்கிரீம், மார்கழியில் நன்றாக இருந்துவிட்டுச் சித்திரை பிறந்ததும் டப்பாவுக்குள் பாயசம்போல் இளகிவிடும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால், சென்னைக் கோடையில் அதனிடம் வேறெதையும் எதிர்பார்க்க முடியாது. கிரீமைக் கெட்டியாக வைத்திருக்க வழி தேடித்தான் ஐந்து ஆண்டுகளுக்கு முன் கால் கிலோ ஸ்டியரிக் அமிலம் வாங்கினேன். பொட்டலத்தில் இருந்தவை துருவிய மெழுகு போன்ற வெள்ளைச் செதில்கள். அமிலம் என்ற சொல்லைக் கேட்டு வீட்டில் சற்று அஞ்சினார்கள். ஆனால் இது 18 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு கொழுப்பு அமிலம், நீரில் கரையாதது, கோகோ வெண்ணெயிலும் ஷியா வெண்ணெயிலும் இயல்பாகவே நிறைய இருப்பது.

தூய நிலையில் இது சுமார் 69 டிகிரியில்தான் உருகும் என்பதை நான் ஏட்டளவில் மட்டுமே அறிந்திருந்தேன். எண்ணெயோடு சேர்த்து உருக்கிய பின், நீரைப் போதிய அளவு சூடாக்காமல் ஊற்றியதால், முதல் கிரீம் ரவை கலந்ததுபோல் மணல் மணலாகிவிட்டது. இரண்டு பகுதிகளையும் 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கிக் கலக்கத் தொடங்கிய பிறகு அந்தக் குறை வரவே இல்லை.

அடுத்த தவறு என் பொறுமையின்மையால் நேர்ந்தது. செய்த அன்று கிரீம் நீர்த்திருந்ததைக் கண்டு மறுபடியும் சூடாக்கி இன்னும் இரண்டு கிராம் சேர்த்தேன். மூன்றாம் நாள் அதைக் கரண்டியால் தோண்டியெடுக்க வேண்டியிருந்தது. இந்த அமிலம் சேர்ந்த கிரீம் ஓரிரு நாள் கழித்தே தன் உண்மையான கெட்டித்தன்மையை அடைகிறது என்பதால், இப்போது நான் 48 மணி நேரம் அதைத் தொடுவதில்லை. 100 கிராம் கிரீமுக்கு மூன்று கிராம் என்பது என் கைக்குச் சரியான அளவாக நின்றுவிட்டது. ஐந்தைத் தாண்டினால், தேய்க்கும்போது தோலின்மேல் வெள்ளைப் படலம் எழுந்து, மறைய நெடுநேரம் எடுக்கிறது.

தோலுக்கு இது என்ன செய்தது என்று கேட்டால், நேர்மையாகச் சொல்லக்கூடியது குறைவே. நிறம் மாறவில்லை, தழும்பு மறையவில்லை. தோலின் ஈரம் வெளியேறாமல் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று கிடைக்கிறது, பாத்திரம் கழுவிய பின் கைகள் முன்போல் வெடிப்பதில்லை, அவ்வளவுதான். ஒருமுறை ஸ்டியரிக் அமிலத்தை 15 கிராமாக உயர்த்தி, அதில் ஒரு பகுதியை மட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தால் சோப்பாக மாற்றிச் செய்த பழைய பாணிக் கிரீமில், சில நாட்களில் முத்துபோன்ற மினுமினுப்பு வந்தது. "இது அந்தக் காலத்து ஸ்நோ மாதிரியே இருக்கே" என்றார் அம்மா. அது உண்மைதான், ஸ்நோ என்ற அன்றைய முகக்கிரீம்களின் அடிப்படை இதுவே. காரத்தைக் கையாளக் கையுறையும் துல்லியமான தராசும் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

தலைமுடியில் கிடைத்த பலன் கலவையானது. அலசாமல் விடும் கிரீமில் சேர்த்தபோது என் மெல்லிய முடி எண்ணெய் வழிந்ததுபோல் படிந்து தொங்கியது. அலசிவிடும் கண்டிஷனரில் ஒரு கிராம் அளவில் சேர்த்தால் கலவை கெட்டியாகிறது, ஆனால் முடிக்கென்று தனிப் பயன் எதையும் நான் உணரவில்லை. முடிக்குள் ஊடுருவும் வேலையைத் தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் இதைவிட நன்றாகச் செய்கிறது.

வாங்கும்போது 'தாவர மூலம்' என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஸ்டியரிக் என்ற பெயரே விலங்குக் கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மாட்டுக்கொழுப்பிலிருந்து எடுத்தாலும் தாவரத்திலிருந்து எடுத்தாலும் மூலக்கூறு ஒன்றே என்பதால் செதிலைப் பார்த்து மூலத்தைக் கண்டறிய முடியாது. தாவரவகை பெரும்பாலும் பனையெண்ணெயிலிருந்து, அதாவது பாமாயிலிலிருந்து வருகிறது. மேலும், கடையில் கிடைக்கும் பல வகைகளில் கணிசமான பங்கு பால்மிட்டிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பு அமிலமே. அத்தகையவை 55 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். கடையை மாற்றிய ஒருமுறை என் அளவு தவறியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அதன்பின், எந்த அமிலம் எவ்வளவு என்று காட்டும் பகுப்பாய்வுச் சான்று தருபவரிடம் மட்டுமே வாங்குகிறேன்.

நிறைவுற்ற கொழுப்பு அமிலம் என்பதால் இது எளிதில் சிக்குவாடை பிடிப்பதில்லை; இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரித்த பொட்டலம் ஒன்று சமையலறை அலமாரியில் இன்னும் வாடை மாறாமல் இருக்கிறது.